கார்ப்பரேட்டரால் பஸ் விட முடியுமா?

வாசகர் கேள்வி, பெங்களூர் பேகூர் பக்கம் – 23.11.2025

அண்ணா, வார்டு எல்லையெல்லாம் முடிவாகிவிட்டது, தேர்தல் வரப்போகிறது என்கிறார்கள். எங்கள் ஏரியாவில் நிற்கப்போகிறவர் இப்போதே வீடுவீடாக வருகிறார். ‘நான் ஜெயித்தால் ஆறே மாதத்தில் இங்கிருந்து மெட்ரோவுக்கு மினி பஸ்’ என்று சொல்கிறார். வீட்டுப் பெண்கள் அந்த ஒரு வார்த்தைக்காகவே ஓட்டுப் போடத் தயாராக இருக்கிறார்கள். வார்டு உறுப்பினரான கார்ப்பரேட்டரோ மேயரோ பஸ் விட முடியுமா? நீங்கள் சந்தாபுரா பக்கம் பஸ்ஸுக்காக அலைந்தவர் என்பதால் கேட்கிறேன்.

23.11.2025, இரவு

முடியாது. பெங்களூரில் பஸ் மாநகராட்சியுடையது இல்லை. பஸ் ஓட்டும் பி.எம்.டி.சி. மாநில அரசின் கழகம். 1997-ல் கர்நாடக அரசு போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி.யிலிருந்து பிரித்து உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய கதையிலும் மாநகராட்சி இல்லை. 1940-ல் தனியார் கம்பெனி, 1956-ல் அரசு எடுத்து பி.டி.எஸ். (பெங்களூர் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்) ஆக்கியது. அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் பெயரை இன்னும் மறக்கவில்லை. 1961-ல் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தோடு சேர்த்தார்கள். எந்தக் கட்டத்திலும் மேயர் கையில் ஸ்டியரிங் இருந்ததில்லை.

ரூட், ஷெட்யூல், டிரிப் எண்ணிக்கை எல்லாம் கழகம் முடிவு செய்வது. டிக்கெட் விலை மாநில அரசு முடிவு செய்வது. இந்த ஆண்டு ஜனவரி 5-ல் 15 சதவீதம் ஏறியதே, அதைக் கேட்டு எந்த வார்டும் ஓட்டுப் போடவில்லை. வார்டு உறுப்பினர் என்று அப்போது யாரும் இருக்கவும் இல்லை. பி.பி.எம்.பி. என்ற பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது ஆகஸ்ட் 2015. மன்றத்தின் காலம் செப்டம்பர் 2020-ல் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அதிகாரிகள் ஆட்சிதான்.

அதற்காக அவரைத் துரத்திவிடாதீர்கள். அவர் கையில் இருக்கும் வேலைகள் வேறு. அவை இல்லாமல் பஸ் வந்தாலும் நிற்காது. நாளை எழுதுகிறேன்.

24.11.2025

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், 1992. அதில் பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. நகர அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டிய 18 பணிகளின் பட்டியல் அது. நான்காவது வரி: சாலைகள், பாலங்கள். பதினேழாவது வரி: பொது வசதிகள். அதாவது தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பறை.

பஸ் நிறுத்தம் இருக்கிறது, பஸ் இல்லை. அந்தப் பதினேழாவது வரியை வேட்பாளர் முன்னால் விரித்து வைத்துப் பேசுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. விளக்கு, நிறுத்தம், கழிப்பறை, பார்க்கிங். காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த நாலில் வந்துவிடுகிறது. இந்த நாலையும் செய்து தர அவர் யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை.

கிராமப் பக்கத்துக்குப் பதினோராவது அட்டவணை. அதன் பதின்மூன்றாவது வரி சாலை, சிறுபாலம், பாலம், படகுத்துறை, நீர்வழி, மற்ற போக்குவரத்து வழிகள் என்று போகிறது. பஞ்சாயத்துக்கு உரியது அது.

27.11.2025

‘சாலையும் விளக்கும் இருந்தால் பஸ் தானாக வந்துவிடுமா?’ என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எங்கள் லேஅவுட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

எங்களுடையது ரெவின்யூ லேஅவுட், அதாவது விவசாய நிலத்தை முறையான அனுமதி இல்லாமல் மனையாகப் பிரித்தது, ஆனேக்கல் தாலூகா. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் நல்ல தூரம். சைட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் தருமபுரி, திருவண்ணாமலை பக்கத்துக்காரர்கள். ஆண்கள் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, பெண்கள் கார்மென்ட்ஸ். பஸ் வேண்டும் என்று கையெழுத்து வாங்கி டிப்போவுக்குப் போனோம். விரட்டிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனோம். ஆனால் ஒரு மேற்பார்வையாளர் பைக்கில் வந்து ரோட்டைப் பார்த்தார். கையில் டேப் கூட இல்லை, காலால் அளந்தார். லேஅவுட்டின் கடைசியில் கோயில் மைதானம் வரை நடந்து, திரும்பி வந்து மூன்று இடங்களைக் காட்டினார். ஒன்று, வளைவில் ரோட்டுக்குள் நிற்கும் டிரான்ஸ்பார்மர் கம்பம். இரண்டு, ஒரு வீட்டின் கார் ஏற்றும் சரிவு, வடிகாலைத் தாண்டி தார் வரை நீண்டிருந்தது. மூன்று, மைதானத்தில் கொட்டிக் கிடந்த ஜல்லி. ‘பன்னிரண்டு மீட்டர் வண்டி. உள்ளே வந்தால் எங்கே திருப்புவது? அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறீர்களா?’ என்றார். நியாயமான கேள்வி.

கம்பம் மின்சாரத்துறை வேலை. சரிவு உள்ளூர் அமைப்பின் வேலை. ஜல்லி எங்கள் வேலை. ஜல்லியை ஒரே நாளில் அள்ளினோம். சரிவை உடைக்க அந்த வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசியவர் அப்போதைய எங்கள் வார்டு உறுப்பினர். சட்டம் பேசவில்லை. அவருடைய மகளும் காலேஜுக்கு அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். சரிவு உள்ளே போனது. கம்பம் நகர்வதற்கு ரொம்ப நாள் ஆனது. அதுவும் நகர்ந்த பிறகு காலையிலும் மாலையிலும் பஸ் உள்ளே வந்தது. முதல் நாள் டிரைவருக்கு மாலை போட்டார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். கணபதி பந்தலை மைதானத்தில் போட்டார்கள். பந்தல் போனதும் யாரோ வீடு கட்டச் செங்கல் இறக்கினார்கள். அதற்குள் உறுப்பினரின் பதவிக்காலமும் முடிந்திருந்தது, கேட்க ஆளில்லை. டிரைவர் சில நாள் முக்கிலேயே திருப்பிப் பார்த்தார், முடியவில்லை. டிரிப் நின்றுவிட்டது. டிப்போ நிறுத்தியது என்று எங்கள் தெருவில் இன்றும் திட்டுகிறார்கள். நான் அந்தச் செங்கல் அடுக்கைப் பார்த்தவன், என்னால் டிப்போவைத் திட்ட முடியவில்லை.

28.11.2025

பஸ் திரும்பும் இடத்தை எழுத்தில் ஒதுக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்ட ஆனேக்கல் நண்பருக்கு: ஆமாம், அதைத்தான் இப்போது வலியுறுத்துகிறோம். மன்றத் தீர்மானமாக, சர்வே நம்பரோடு. நல்ல மனிதர் ஒருவரின் வாய்வார்த்தை அவர் பதவியோடு போய்விடுகிறது.

3.12.2025

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவரே அதைத்தான் முதலில் சொன்னார்.

கார்மென்ட்ஸ் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னால் மெயின் ரோட்டில் நிற்பார்கள். எங்கள் முக்கில் ஷெல்டர் கிடையாது, விளக்கும் கிடையாது. புளியமரத்தடி இருட்டு. பஸ் தூரத்தில் தெரிந்ததும் எல்லோரும் போன் டார்ச்சைத் தூக்கி ஆட்டுவார்கள். டிரைவர் பார்த்தால் பிரேக் போடுவார். எதிரே லாரி வந்து கண் கூசினால் பார்க்காமலே போய்விடுவார். அடுத்த பஸ் வருவதற்குள் மில் கேட்டில் நேரம் தவறிவிடும், அரை நாள் சம்பளம் போகும். என் மனைவி அப்படி நின்றவள். ஒரு விளக்குக் கம்பம் போட்டிருந்தால் அந்த அரை நாள் சம்பளங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். இதற்கு எந்தக் கழகமும் மந்திரியும் வேண்டாம், பதினேழாவது வரி போதும்.

இன்னொன்று, இது நம் ஆட்களுக்கே உரிய சங்கடம். சக்தி திட்டம் 11 ஜூன் 2023-ல் வந்தது. பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். பதினைந்து வருடமாக இங்கே இருக்கிற எத்தனை பேர் ஆதாரில் இன்னும் ஊத்தங்கரை, போச்சம்பள்ளி முகவரி இருக்கிறது! ஓசூர் பக்கம் டவுன் பஸ்ஸில் ஏறினால் 2021-லிருந்து எந்த அட்டையும் கேட்காமல் பெண்களுக்கு இலவசம். மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் அதே பெண் பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கிறது.

முகவரியை மாற்றலாமே என்பீர்கள். வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை, கரண்ட் பில் அவர் பெயரில். அப்படிப்பட்டவர்களுக்கு ஆதார் ஆணையமே ஒரு படிவம் வைத்திருக்கிறது. போட்டோ ஒட்டி, எம்.எல்.ஏ., எம்.பி., நகராட்சி உறுப்பினர், கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், கெஜட்டட் அதிகாரி போன்றவர்களில் ஒருவர் கையெழுத்தும் முத்திரையும் போட்டால் அது முகவரிச் சான்று. மூன்று மாதத்துக்குள் அதைக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். எம்.எல்.ஏ.வைத் தினக்கூலிப் பெண் எங்கே போய்ப் பார்ப்பாள்? கார்ப்பரேட்டர் என்றால் தெருவில் பார்க்கலாம். ஐந்து வருடமாக பெங்களூரில் அந்தக் கையெழுத்துப் போட ஒரு கார்ப்பரேட்டர் கூட இல்லை. நான் இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. தேர்தல் நடக்காமல் போனதன் விலையை ஒரு பெண் தினமும் கண்டக்டரிடம் சில்லறையாகக் கட்டுகிறாள்.

மினி பஸ் விடுவேன் என்ற அந்த வேட்பாளரிடம் கேளுங்கள்: ஜெயித்த முதல் மாதம் வார்டில் ஆதார் முகவரி முகாம் நடத்துவீர்களா? அதற்கு அவர் ‘முடியும்’ என்று சொன்னால் அது உண்மையான வாக்குறுதி.

4.12.2025

ஏ.சி. பஸ்ஸுக்கு சக்தி செல்லாது. இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

11.12.2025

சில்க் போர்டிலிருந்து எழுதிய தம்பி, ‘சின்ன விஷயத்திலேயே நிற்கிறீர்கள், டிராபிக்கைப் பற்றிப் பேசுங்கள்’ என்கிறார். பேசலாம்.

2019 கடைசியில் அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் பக்கம் வரை, ஓரத்தில் கம்பங்கள் நட்டு. அப்போது நான் ஒயிட்பீல்டு பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கார்கள் நகராமல் நிற்க, எங்கள் பஸ் பக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸில் போகிறவன் முந்திப் போவதை இந்த ஊரில் அன்றுதான் பார்த்தேன். பிறகு கொரோனா, பிறகு அதே ரோட்டில் மெட்ரோ தூண் வேலை. தடம் காணாமல் போனது.

ரோடு ஒருவருடையது, பஸ் ஒருவருடையது, சிக்னலில் நிற்கும் போலீஸ் இன்னொருவருடையது, தூண் நடுகிறவர் நான்காமவர். இவர்கள் எல்லோரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரத்தான் 2022-ல் பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையச் சட்டம் நிறைவேற்றினார்கள். மேஜை வந்தது. அந்தத் தடம் திரும்பி வரவில்லை. ரிங் ரோடு போகும் வார்டுகளில் நிற்கிறவர்களிடம் ‘தூண் வேலை முடிந்ததும் பஸ் தடத்தைத் திரும்பக் கேட்டு மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா?’ என்று கேட்கலாம். கார் வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எனவே வேட்பாளர் தயங்குவார். தயங்கட்டும், கேளுங்கள்.

20.12.2025

ஓசூர் மெட்ரோ பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எனக்கும் ஆசைதான், ஊருக்குப் போக எத்தனை வசதி! பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் லைன் ஆகஸ்டில் திறந்து பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். அங்கிருந்து ஓசூர் கையெட்டும் தூரம் போலத் தெரிகிறது. ஆனால் நம் மெட்ரோவுக்கு மின்சாரம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், 750 வோல்ட் டி.சி. தமிழ்நாடு தரப்பில் திட்டமிட்டது மேலே கம்பி, 25,000 வோல்ட் ஏ.சி. ஒரே ரயில் இரண்டிலும் ஓடாது என்று பெங்களூர் மெட்ரோ நிறுவனம் சொல்லிவிட்டது. இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. வார்டு தேர்தலில் யாராவது ஓசூர் மெட்ரோ தருவேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொம்மசந்திரா ஸ்டேஷனில் இறங்கிய பிறகு என்ன என்பதுதான் உள்ளூர்க் கேள்வி. ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் ஃபீடர் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி, பைக். பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா லாரிகளுக்கு நடுவே புகுந்து போய் ஏறியதைப் போன வாரம் பார்த்தேன். தள்ளுவண்டிக்காரரும் பிழைக்க வேண்டும், ஆட்டோக்காரரும் நம் ஆள்தான். யாருக்கு எந்த இடம் என்று கோடு போட்டுத் தருவது உள்ளூர் மன்றத்தின் வேலை. கோடு போடாததால் எல்லோரும் எல்லோரோடும் சண்டை போடுகிறார்கள்.

17.1.2026

மும்பையில் மாநகராட்சித் தேர்தலுக்கு வாக்களித்து முடித்துவிட்டார்கள். நேற்று எண்ணிக்கை. 227 வார்டு. சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: ‘தம்பி, உங்கள் ஊரில் பஸ் மாநகராட்சியிடம் இல்லை என்று புலம்புகிறீர்கள். எங்கள் பெஸ்ட் பஸ் நிறுவனம் மாநகராட்சியுடையது. எங்களிடம் வந்து பாருங்கள்.’

ஐயா சொல்வது கனமான விஷயம். பெஸ்டை பம்பாய் மாநகராட்சி 7 ஆகஸ்ட் 1947-ல், சுதந்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால், வாங்கியது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் ஏறிய சிவப்பு பஸ். 2019-ல் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ஆகக் குறைத்தபோது மக்கள் மன்றம் இருந்தது. மார்ச் 2022-ல் மன்றத்தின் காலம் முடிந்து அதிகாரி ஆட்சி வந்தது. மே 2025-ல் அதே 5 ரூபாய் 10 ஆனது, இரட்டிப்பு. அந்த நேரத்தில் மன்றத்தில் எழுந்து நின்று ஏன் என்று கேட்க ஒரு நகரசேவகர் (கார்ப்பரேட்டருக்கு அங்கே அதுதான் பெயர்) இல்லை. சொந்த பஸ்கள் குறைந்து வாடகை பஸ்கள் கூடிக்கொண்டு போன கதையும் அதே ஆண்டுகளில் வேகமாக நடந்தது.

எனவே பஸ் யாருடையது என்ற கேள்வியோடு, கேட்க ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. முன்பு நான் முதல் கேள்வியில் அதிகம் நின்றேன். ஐயாவின் கடிதத்துக்குப் பிறகு இரண்டாவதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நஷ்டத்தில் ஓடும் பஸ்ஸுக்குக் கட்டணம் ஏறத்தான் வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும், ஆனால் சபையில் எதிர்வாதம் கேட்டுவிட்டு ஏற்றட்டும்.

டெல்லியிலும் ஒரு காலத்தில் பஸ் மாநகராட்சியிடம்தான் இருந்தது. 1971-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. ஆர்.கே.புரம் நண்பர் இதைப் பற்றி விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், காத்திருக்கிறேன்.

19.1.2026

‘அப்படியானால் பெங்களூர் மேயருக்கு பஸ் விஷயத்தில் எதுவுமே இல்லையா?’ சிறிது இருக்கிறது. செப்டம்பர் 2025-லிருந்து ஒரு மாநகராட்சி ஐந்தாகிவிட்டது: மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. 369 வார்டு. மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம், தலைவர் முதலமைச்சர். ஐந்து மேயர்களும் அந்த ஆணையத்தில் உறுப்பினர்கள். பஸ் கழகம், மெட்ரோ நிறுவனத்தின் தலைமை அதிகாரிகளும் அங்கே வருவார்கள். ஒரு மேயர் தயார் செய்துகொண்டு போனால், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்த ரோடு தயார் என்று தாள் எடுத்து வைத்தால், பதில் சொல்லாமல் எழுந்துபோக முடியாது. 2015-லிருந்து 2020 வரை ஐந்து ஆண்டில் ஐந்து மேயர்களைப் பார்த்தோம், ஆளுக்கு ஒரு வருடம். பஸ் ரூட் எண்களைப் படித்து முடிப்பதற்குள் பதவி முடிந்துவிடும்.

ஆனால் எங்களுக்கு? நான் இருக்கும் பகுதி இந்த ஐந்திலும் இல்லை. சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஆனேக்கல் எல்லாம் புரசபை, அதாவது நகராட்சி, அதைத் தாண்டினால் கிராமப் பஞ்சாயத்து. 356 வரிசை பஸ் எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு நகரத்துக்குள் மார்க்கெட் வரை போகிறது. அந்த பஸ்ஸைப் பற்றிப் பேசும் மேஜையில் மார்க்கெட் பக்கத்து மேயருக்கு நாற்காலி உண்டு, புறப்படும் ஊருக்கு இல்லை. எங்கள் பக்கம் குரல் கொடுக்க வேண்டிய ஜில்லா பஞ்சாயத்து, தாலூகா பஞ்சாயத்துகளுக்கு 2016-க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. 2021-லேயே காலம் முடிந்தது. நகரத்துத் தேர்தலைப் பற்றித் தினமும் செய்தி வருகிறது, இதைப் பற்றி மூச்சு இல்லை. பால், பூ, காய்கறி, வேலைக்கு ஆள் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து போகிறது. நகரத்துக்குள் ஓட்டு இருக்கும் நண்பர்களே, உங்கள் வேட்பாளரிடம் எங்கள் டிரிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

1.2.2026

பேகூர் நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். அந்த வேட்பாளர் மறுபடி வந்தாராம். விளக்கு, ஸ்டாப், திரும்பும் இடம், ஆதார் முகாம் பற்றி நண்பரின் அம்மா கேட்டாராம். பஸ் பேச்சை விட்டுவிட்டு ஸ்டாப்பைப் பார்க்க அவர் கூடவே நடந்து போயிருக்கிறார். நல்லது. அவர் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

டிப்போவுக்குக் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு: கன்னடத்தில் எழுதுங்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்து எழுதினால் போதும். கோபம் வேண்டாம். எந்த ஸ்டாப், எந்த நேரம், எத்தனை பேர் ஏறுவார்கள், எங்கே இறங்குவார்கள், வண்டி எங்கே திரும்பும். இந்த ஐந்தும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். அவர்கள் பார்ப்பது இ.பி.கே.எம்., அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கு. பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலவசம்தானே என்று ஜீரோ டிக்கெட் வாங்காமல் உட்காராதீர்கள். அந்த டிக்கெட்டை வைத்துத்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. கண்டக்டர் மிஷினில் பதிவாகாவிட்டால் உங்கள் ஸ்டாப்பில் யாரும் ஏறவில்லை என்றுதான் காகிதத்தில் நிற்கும், அடுத்து அந்த டிரிப்பை வெட்டுவார்கள். ஏறிய ஸ்டாப்பின் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்குங்கள்.

எங்கள் மைதானத்துக்கான மனு தயார். சர்வே நம்பர் கிடைத்துவிட்டது. செங்கல் வைத்திருந்தவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதன்கிழமை புரசபை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம், வர முடிந்தவர்கள் பத்து மணிக்கு சந்தாபுரா சர்க்கிளுக்கு வாருங்கள்.